வேலிக்கு அந்தப் பக்கத்து விவசாயி

வேலியில் படர்கிறவை மூன்று. அவரை, பாகல், அடுத்த வீட்டுக்காரர். முதல் இரண்டும் நாளாவட்டத்தில் காய்க்கும். மூன்றாவதோ யோசனை மட்டும் சொல்லும். அதற்கு உரம் வேண்டாம், தண்ணீர் வேண்டாம், பூச்சி விழாது, எந்தக் கோடையிலும் பட்டுப்போகாது.

இந்த மூன்றாவது இனத்தைப் பற்றித்தான் உங்களோடு கொஞ்சம் பேச வேண்டும். வேலி விவசாயி என்று பெயர் வைத்துக்கொள்வோம். ஆளை அடையாளம் கண்டுபிடிப்பது ஒன்றும் கஷ்டமில்லை. நீங்கள் மண்வெட்டியைக் கையில் எடுத்த மாத்திரத்தில் பக்கத்து வீட்டுக் கொல்லைக் கதவு திறக்கும். கை வைத்த பனியன், தோளில் கோடு போட்ட துண்டு, வலது கையில் காபி டம்ளர், இடது கை இடுப்பில். இந்தக் கோலத்தில் வேலியோரம் வந்து நின்று, நீங்கள் வெட்டிப் போடுகிற மண்ணையே சற்று நேரம் உற்றுப் பார்த்து, ஒரு மடக்குக் காபியை உள்ளே தள்ளி, வானத்தை ஒரு பார்வை பார்த்து, மறுபடி மண்ணைப் பார்த்து, "ம்ஹூம்" என்பார். அவ்வளவுதான். அதற்குமேல் உங்களுக்கு மண்வெட்டி ஓடுமா? ஓடாது. "என்ன சார்?" என்று கேட்டுவிடுவீர்கள். கேட்டீர்களோ, தொலைந்தீர்கள்.

"ஒண்ணுமில்லே. நமக்கென்ன, உங்க தோட்டம், உங்க இஷ்டம்" என்று ஆரம்பிப்பார். 'உங்க இஷ்டம்' என்று ஒருவர் சொன்னால் உங்கள் இஷ்டத்துக்கு அந்த நிமிஷத்தோடு ஆயுள் முடிந்தது என்று அர்த்தம். "சொன்னா வருத்தப்படக் கூடாது" என்று அடுத்தபடி. வருத்தப்படாமல் இருக்க நாம் என்ன கல்லா? அதெல்லாம் அவருக்கு அக்கறையில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு, காலி டம்ளரை வேலிக்கு அந்தப் பக்கமே கவிழ்த்து உதறிவிட்டுப் போய்விடுவார். நீங்கள் அன்று முழுவதும் வெட்டின குழியை மூடிக்கொண்டும், மூடின குழியை வெட்டிக்கொண்டும் இருக்க வேண்டியதுதான்.

சரி, இத்தனை தெரிந்தவருடைய தோட்டம் எப்படி இருக்கும்? எட்டிப் பாருங்கள். இரண்டு எருக்கஞ்செடி, கொஞ்சம் நாயுருவி, மூன்று காலில் நிற்கிற நாற்காலி ஒன்று, துணி காயப்போடக் கட்டிய கம்பி. கேட்டால், "மண்ணை ஆறப் போட்டிருக்கேன்" என்று பதில் வரும். எங்கள் வைத்திலிங்கம் நெய்வேலிக்குக் குடிவந்த நாளிலிருந்து மண்ணை ஆறப் போட்டுக்கொண்டிருந்தார். அவ்வளவு ஆறின மண்ணை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

வைத்திலிங்கத்துக்கு, யார் எத்தனை மணிக்கு வேலைக்கு வந்தார் என்று குறித்து வைக்கிற டைம் ஆபீஸில் கிளார்க் வேலை. தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். அவருடைய தகப்பனார் அங்கே தபாலாபீஸில் முத்திரை குத்திக்கொண்டிருந்தவர்தான். ஆனாலும் காவிரித் தண்ணீர் குடித்தவன் எவனும் பிறவி விவசாயி என்பது இவருடைய கட்சி. டவுன்ஷிப்பில் அப்போது இப்படி வாய்ப்பாய் அமைந்திருந்தது. ஜில்லாவுக்கு ஒருவராக வந்து சேர்ந்திருந்தோம். யார் ஊரில் யார் என்ன செய்தார் என்று யாருக்கும் தெரியாது. குவார்ட்டர்ஸோடு கொல்லையில் ஒரு துண்டு நிலமும் கிடைத்தது. சுரங்கத்தில் ஊறுகிற தண்ணீரை ராப்பகலாக இறைத்துக் கொட்டியதில் குழாயில் தண்ணீருக்கும் பஞ்சமில்லை. ஷிப்டு முடிந்து சங்கு ஊதினால் பொழுதுக்கும் குறைவில்லை. மண்ணும் தண்ணீரும் பொழுதும் இருக்கிற இடத்தில் விவசாயி முளைக்கிறாரோ இல்லையோ, வேலி விவசாயி கட்டாயம் முளைத்துவிடுவார்.

அவருக்கு அடுத்த வீட்டில் துரைராஜும் அவன் மனைவி அமிர்தமும் இருந்தார்கள். நான் எதிர் வீடு; அவர்கள் கொல்லை பக்கவாட்டில் தெருவரை நீண்டு கிடந்தது. ஆகையால் நடந்தது எல்லாம் எனக்கு வாசல்படியில் உட்கார்ந்தபடியே கிடைத்தது.

துரைராஜ் அனல் மின் நிலையத்தில் ஹெல்பர். அப்போதுதான் பெர்மனெண்ட் ஆகியிருந்தான். யார் என்ன சொன்னாலும் "சரிங்க சார்" என்கிற சுபாவம். அமிர்தம் அப்படியில்லை. விவசாயக் குடும்பத்துப் பெண். வாயும் உண்டு, கையும் உண்டு. அவளுக்கு ஒரே ஒரு தலைவலி, துரைராஜின் அக்காள் கலியம்மாள். மேல்பட்டாம்பாக்கத்தில் வாழ்க்கைப்பட்டவள். போன பொங்கலுக்குப் பெரிய பரங்கிக்காய் ஒன்றைச் சுமந்துகொண்டு பஸ்ஸில் வந்து இறங்கி, எங்கள் தெருவில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று, "எந்தம்பி வூட்டுல குழம்புக்குக் காயி இல்ல, அதான் நான் தூக்கிகினு வந்தேன்" என்று சொல்லிக்கொண்டே நடந்து வந்தவள். அந்தக் காய் ஒரு வேளைக் குழம்போடு முடிந்தது. பேச்சு வருஷம் முழுக்க முடியவில்லை. ஆவணியில் ஒரு தரம் வந்தபோது கொல்லையைப் பார்த்துவிட்டு மறுபடி ஆரம்பித்தாள்.

"கரிமேல குந்திகினு இருக்கிற ஊரு இது. இங்க என்னாடி வெளையும்? இந்தப் பொங்கலுக்கும் நாந்தான் காயி தூக்கிகினு வரணும்."

அமிர்தத்துக்குச் சுருக்கென்றது. "வாங்க அண்ணி, பொங்கலுக்குக் கட்டாயம் வாங்க. எங்க தோட்டத்துப் பரங்கிக்காயில நான் குழம்பு வெக்கலன்னா, வருசா வருசம் நீங்க தூக்கிகினு வர்றத வாய மூடிகினு வாங்கிக்கிறேன். தெருவுல நின்னு நீங்க என்னா சொன்னாலும் சரின்றேன்."

"பாத்துகினே இரேன்" என்றாள் கலியம்மாள்.

ஆக, விஷயம் வெறும் காய் இல்லை. ஒரு பெண் தன் வீட்டு அடுப்பில் தன் தோட்டத்துக் காயைப் போட முடியுமா முடியாதா என்கிற மானப் பிரச்சினை. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே கேளுங்கள்.

புரட்டாசியில் நல்ல மழை ஒன்று பெய்தது. அமிர்தம் மண்ணைக் கொத்தினாள். மின் நிலையத்து வேலைக்காக வந்திருந்த ரஷ்யக்காரர் ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது துரைராஜின் கையில் ஒரு பிடி மக்காச்சோள விதையைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். நம்மூர்ச் சோளம் மாதிரி மாவுக்கு ஆகாதாம். பச்சையாகக் கடித்தாலே சர்க்கரை மாதிரி இனிக்குமாம். அதைக் கொல்லையில் நாலு மூலைக்கும் நெருக்கமாக ஊன்றி, நடுவில் குழி எடுத்துச் சாணமும் சாம்பலும் போட்டுப் பரங்கி விதைத்தாள். சோளம் மேலே போகும், பரங்கி கீழே ஓடும். பரங்கி இலை தரையை மூடிக்கொண்டால் களை வராது, ஈரம் காயாது. ஒன்று நிற்கிற பயிர், ஒன்று படுக்கிற பயிர். இரண்டுக்கும் தகராறு வராது. அந்த வீட்டில் புருஷன் பெண்டாட்டிக்கும் ஏறத்தாழ இந்த ஏற்பாடுதான்.

விதை முளைத்தது. சோளம் முழங்கால் உயரம் வந்தது. பக்கத்து வீட்டுக் கொல்லைக் கதவு திறந்தது.

"ம்ஹூம்."

"என்னங்க சார்?" என்றான் துரைராஜ்.

"ஒண்ணுமில்லேப்பா. உன் தோட்டம், உன் இஷ்டம். சொன்னா வருத்தப்படக் கூடாது. என்ன இது, ரேஷன் கடைக் கூட்டம் மாதிரி? பயிர்னா லைன்ல நிக்க வேணாமா? எங்க தஞ்சாவூர்ப் பக்கம் நடவு பாத்திருக்கியா? கயிறு பிடிச்ச மாதிரி இருக்கும். வேலி ஓரமா ஒரே லைன்ல நிறுத்து. காத்து வரும், வெளிச்சம் வரும், பாக்கவும் லட்சணமா இருக்கும்."

லைன் என்ற சொல் துரைராஜைப் பிடித்துக்கொண்டது. அவன் லைனில் நின்று பஸ் ஏறுகிறவன், லைனில் நின்று கேட்டுக்குள் போகிறவன், லைனில் நின்று சம்பளம் வாங்குகிறவன். சோளத்துக்கு மட்டும் என்ன சலுகை? ஞாயிற்றுக்கிழமை அமிர்தம் மந்தாரக்குப்பம் கடைத்தெருவுக்குப் போயிருந்த நேரம் பார்த்து அத்தனை சோளத்தையும் வேரோடு பிடுங்கி, வேலியோரம் வரிசையாக நட்டுவிட்டான். வைத்திலிங்கம் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, "கொஞ்சம் இடது பக்கம்... போதும், போதும்" என்று மேற்பார்வை பார்த்தார். 

அமிர்தம் பையோடு திரும்பி வந்து பார்த்தாள். பை கீழே விழுந்தது.

"ஐயையோ! எவன் சொன்னான் உனக்கு? வேரு புடிச்ச பயிர எவனாவது புடுங்கி நடுவானா?"

"சாருதான்..."

"சாரு வந்து தண்ணி ஊத்துவாரா?"

சார் அதற்குள் வீட்டுக்குள் போய்விட்டிருந்தார். வேலி விவசாயியின் சாமர்த்தியமே அதுதான். விதைக்கும்போது இருப்பார், அறுக்கும்போது இருப்பார், ஏச்சு விழும்போது மட்டும் குளிக்கப் போய்விடுவார்.

பாதிச் சோளம் காய்ந்தது. அமிர்தம் குடம் குடமாக ஊற்றி மீதியைப் பிழைக்க வைத்தாள். அவை ஒற்றை வரிசையில் வேலியோரமாய் வளர்ந்து, தலையில் கொண்டை பூத்து நின்றன. காற்று அடித்தது. கொண்டையிலிருந்து கதிர்மேல் விழ வேண்டிய பூந்தூள் எல்லாம் பறந்து வைத்திலிங்கத்தின் ஆறின மண்ணில் போய் விழுந்தது. அந்தக் கொல்லையில் அந்த வருஷம் விழுந்த ஒரே விதைப்பு அதுதான்.

போகட்டும், சோளம் ஆசைக்குத்தான். மானத்துக்குப் பரங்கி இருக்கிறதே! பரங்கியை யாராலும் லைனில் நிறுத்த முடியாது. அது பாட்டுக்கு ஓடியது. கார்த்திகையில் கொல்லை முழுக்க மஞ்சள் மஞ்சளாகப் பூத்தது. எங்கள் பிளாக்கில் அந்தக் கொடியைப் பார்க்கவென்றே ஆட்கள் சுற்றுவழியில் நடந்து போனார்கள். அமிர்தம் இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டு, வருகிறவர்களிடமெல்லாம், "பொங்கலுக்கு எங்க நாத்தனா வருது, நீங்களும் வாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

வைத்திலிங்கம் வந்தார். இந்தத் தடவை 'ம்ஹூம்' இல்லை. வேலி வழியாகக் கையை விட்டு இரண்டு பூக்களைப் பறித்து, இரண்டையும் உயரத் தூக்கிக் காட்டினார். வேலி விவசாயி கையை உள்ளே விட்டுவிட்டார் என்றால் சங்கதி முற்றிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"பாரும்மா. இதுக்கு அடியில உருண்டையா பிஞ்சு இருக்கா? இது காய்க்கிற பூ. இதுக்கு? வெறும் காம்பு. மலட்டுப் பூ. சும்மா உக்காந்து சாப்பிடும், வேலை செய்யாது. டைம் ஆபீஸ்ல இந்த மாதிரி ஆளை நாங்க ஒரே நாள்ல பிடிச்சிடுவோம். கொடியோட சத்தெல்லாம் இந்தச் சோம்பேறிகள்தான் தின்னுட்டிருக்கு. விடியறப்பவே எல்லாத்தையும் பறிச்சுடு. நாளைக்கு மார்கழி பொறக்குது. வாசல்ல சாணிப் பிள்ளையாருக்கு வை. கொடிக்கும் பாரம் குறையும், பிள்ளையாருக்கும் பூவாச்சு."

பிஞ்சு இருந்த பூவைத்தான் முதலில் பறித்தார் என்பதை யாரும் அவரிடம் சொல்லவில்லை.

அமிர்தத்துக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ஊரில் மார்கழி மாதம் அந்த வெறும் காம்புப் பூவைத்தானே எல்லாரும் பறித்துக் கோலத்தில் வைக்கிறார்கள்? காய் நிற்காமலா போயிற்று? மறுநாள் விடிவதற்கு முன்னால் பறித்தாள். பறித்த கையோடு வைத்திலிங்கத்தின் மனைவி ஆதிலட்சுமி தட்டோடு வந்து நின்றாள். "அமிர்தம், எனக்கு ரெண்டு குடேன்." கொடுத்தாள். அடுத்த நாள் தெருக்கோடி வீடு வந்தது. அப்புறம் பின் தெரு. பால்காரி வீராயி வீட்டுக்கு வீடு சாணி கொண்டுவந்து போடுவாள். சாணி வந்த வாசலுக்கெல்லாம் பூ அமிர்தத்தின் கொல்லையிலிருந்து போயிற்று. கோலம், கோலத்து நடுவில் சாணி உருண்டை, உருண்டை உச்சியில் பரங்கிப் பூ. விடிகிற நேரத்தில் தெருவைப் பார்க்கக் கண் கொள்ளாது. பிஞ்சுப் பூவை ஒருத்தியும் தொடவில்லை. தொட்டால் அமிர்தம் சும்மா விடுவாளா?

ஆனால் பிஞ்சு நிற்கவில்லை. பூ விரிந்த மறுநாளே சுருங்கி, மஞ்சளித்து, உதிர்ந்தது.

உங்களுக்குக் காரணம் புரிந்திருக்கும். அந்தச் சோம்பேறிப் பூக்கள்தான் ஆண் பூக்கள். அதன் தூளை வண்டு சுமந்து போய்ப் பிஞ்சுப் பூவில் வைத்தால்தான் காய் நிற்கும். ஊரில் வைக்கோல் போர் தவறாமல், வேலி தவறாமல் பரங்கிக் கொடி கிடக்கும். எத்தனை பறித்தாலும் வண்டுக்கு மிச்சம் இருக்கும். இங்கே இருந்தது ஒரே கொடி, கோலம் போடுகிற வாசலோ ஊர்ப்பட்ட வாசல். வண்டு வந்தது, சுற்றுமுற்றும் பார்த்தது, போய்விட்டது. இந்தச் சமாசாரம் அப்போது எங்கள் தெருவில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

வைத்திலிங்கம் விடுவாரா? தினம் ஒரு வியாதி கண்டுபிடித்தார். தண்ணீர் ஜாஸ்தி என்றார். அமிர்தம் குறைத்தாள். வேர் காய்கிறது என்றார். அமிர்தம் ஊற்றினாள். மின் நிலையத்துப் புகை என்றார். புகைக்கு அவள் என்ன செய்வாள், இலை இலையாகத் துடைத்தாள். பூமிக்கு அடியில் நிலக்கரி இருப்பதால் கொடிக்கு உஷ்ணம் ஏறிவிட்டது என்றார். வீட்டில் சோற்றுக்கு வைத்திருந்த மோரில் பெருங்காயம் கரைத்து வேரில் விட்டாள். அன்றைக்குத் துரைராஜ் ரசத்தோடு எழுந்தான். கடைசியில் வேலியோரம் நின்ற மக்காச்சோளத்தைக் காட்டி, "அந்நிய நாட்டுச் சரக்கு, அதோட குணமே வேற" என்று தாழ்ந்த குரலில் சொன்னார். ஒவ்வொரு யோசனைக்கும் பிஞ்சு உதிர்ந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு பிஞ்சுக்கும், "நான் அப்பவே சொன்னேன்" என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். எப்போது சொன்னார், எதைச் சொன்னார் என்று கேட்கிற தெம்பு யாருக்கும் இல்லை.

ஒரு நாள் காலையில் உதிர்ந்த பிஞ்சுகளை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அமிர்தம் கொல்லைப்படியில் உட்கார்ந்திருந்தாள். சிரித்துக்கொண்டே இருக்கிற பெண் அழுவதைப் பார்க்க எனக்கே என்னவோ போலிருந்தது.

"உங்கக்கா வரும் பாருங்க" என்றாள் துரைராஜிடம். "தலமேல காய வெச்சிகினு, வூடு வூடா நின்னு காட்டிகினு வரும். நான் என்னா மூஞ்சிய வெச்சிகினு அத வாங்குவேன்?"

"வுடு, கடையில ஒரு காயி வாங்கிகினு வந்து குழம்பு வெச்சிட்டா யாருக்குத் தெரியும்?" என்றான் அவன்.

"எனக்குத் தெரியுமில்ல?" என்றாள் அவள்.

வேலிக்கு அந்தப் பக்கம் டம்ளர் தெரிந்தது. வைத்திலிங்கத்தின் கையிருப்பு அன்றோடு தீர்ந்துபோயிருந்தது. ஆனால் வேலி விவசாயி எப்போதாவது 'எனக்குத் தெரியாது' என்று சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? வானத்தைப் பார்த்தார், கொடியைப் பார்த்தார், கடைசி அஸ்திரத்தை எடுத்தார்.

"எல்லாம் பண்ணியாச்சும்மா. பாக்கி ஒண்ணுதான். திருஷ்டி. ஊர்க் கண்ணு பூரா இந்தக் கொடி மேலதானே? இனிமே யாரையும் கிட்ட விடாதே. ஒரு பூவைத் தொட விடாதே. நடுவுல ஒரு திருஷ்டிப் பொம்மை கட்டி வை. அப்புறம் பாரு."

அமிர்தம் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பனியனைப் பார்த்தாள், துண்டைப் பார்த்தாள், டம்ளரைப் பார்த்தாள், இடுப்பில் இருந்த கையைப் பார்த்தாள்.

"யாரையுமேங்களா சார்?"

"யாரையுமே!"

"சரிங்க சார்."

அன்று சாயங்காலமே கொல்லைப் படலைக் கம்பி போட்டுக் கட்டினாள். மறுநாள் விடியலில் தட்டோடு வந்த ஆதிலட்சுமியிடம், "கோச்சிக்காதீங்க அக்கா, பூவைத் தொடக் கூடாதுன்னு சாருதான் சொன்னாரு" என்றாள். ஆதிலட்சுமி வெறுந்தட்டோடு வீட்டுக்குள் போனாள். "உங்களை யார் கேட்டா?" என்று அவள் ஆரம்பித்தது எதிர் வீட்டில் எனக்குக் கேட்டது, முடித்தது எப்போது என்று தெரியாது, நான் ஷிப்டுக்குப் போய்விட்டேன். தெருப் பிள்ளையார்களுக்கு எல்லாம் அன்றிலிருந்து செம்பருத்திதான்.

வைத்திலிங்கம் வழக்கம்போல் வேலியில் வந்து சாய்ந்தார்.

"சார், கொஞ்சம் தள்ளி நில்லுங்க. யாரும் கிட்ட வரக் கூடாதுன்னீங்களே."

"நான் எப்படிம்மா 'யாரும்' ஆவேன்?"

"நீங்க சொன்ன வாக்கு சார். நீங்களே மீறினா எப்படி?"

மனிதர் யோசித்தார். தம்முடைய யோசனையை ஒருவர் இவ்வளவு சிரத்தையாகப் பின்பற்றுவதை அவர் வாழ்க்கையில் பார்த்ததில்லை போலிருக்கிறது. பெருமையோடு நாலடி பின்னால் போய், மூன்று கால் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, அங்கிருந்தே சத்தம் போட்டு யோசனை சொன்னார்.

பொம்மை விஷயத்துக்கு வருகிறேன். அதை அமிர்தம் மத்தியானம் முழுக்க உட்கார்ந்து கட்டினாள். உடம்புக்கு வைக்கோல், தலைக்குச் சுண்ணாம்பு அடித்த சட்டி. துரைராஜின் பழைய கை வைத்த பனியன். தோளில் கோடு போட்ட துண்டு. இடது கைக் குச்சியை மடக்கி இடுப்பில் செருகியிருந்தாள். வலது கையில் ஓட்டை விழுந்த எனாமல் டம்ளர். வயிற்றுக்கு மட்டும் வைக்கோல் தாராளமாக வைத்துத் திணித்து, கொடிக்கு நடுவில் நிறுத்திவிட்டு, ஒன்றும் தெரியாதவள் மாதிரி கீரை ஆய உட்கார்ந்துவிட்டாள்.

தெரு கூடிவிட்டது. ஷிப்டு முடிந்து வந்தவர்கள் சைக்கிளை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். பார்த்தவன் சிரிக்கக் கூடாதென்று வாயைப் பொத்திக்கொண்டு ஓடினான். துரைராஜுக்கு வேர்த்து ஊற்றியது. "அடியே, சாரு பாத்தா என்னா நெனைப்பாரு? அவுத்துடு, அவுத்துடு" என்று கெஞ்சினான்.

சார் பார்த்தார். நாலடி தள்ளி நின்று, இடது கையை இடுப்பில் வைத்து, வலது கையில் டம்ளரோடு, தலையை ஒரு பக்கம் சாய்த்து நெடுநேரம் பார்த்தார்.

"பொம்மைன்னா இதுதான் பொம்மை" என்றார். "தொப்பையை மட்டும் கொஞ்சம் குறைச்சிருக்கலாம். எந்த மனுஷனுக்கும்மா இவ்வளவு இருக்கும்?"

நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தேன். வேறென்ன செய்வது?

பொம்மை நின்றது. பூவும் நின்றது. வண்டு வந்தது. சுற்றுமுற்றும் பார்த்தது, இந்தத் தடவை போகவில்லை. சில நாளில் பிஞ்சு ஒன்று உதிராமல் பச்சையாகவே இருந்தது. அப்புறம் இன்னொன்று. எலுமிச்சை ஆயிற்று, தேங்காய் ஆயிற்று, பொங்கல் நெருங்க நெருங்க அதையும் தாண்டியது. "பூவு நின்னாத்தான் காயி நிக்குது போலருக்கு" என்று அமிர்தம் ஒரு நாள் என் வீட்டில் மெதுவாகச் சொன்னாள். ஆனால் வெளியில் சொல்லவில்லை. வெளியில் வைத்திலிங்கம் சொல்லிக்கொண்டிருந்தார். டைம் ஆபீஸ், பஸ் ஸ்டாண்டு, சலூன் எல்லா இடத்திலும், "திருஷ்டின்னு நான்தான் கண்டுபிடிச்சேன். ஒரே வார்த்தைதான் சொன்னேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், அது பொய்யும் இல்லை. வாழ்நாளில் அவர் சொன்ன யோசனைகளில் பலித்தது அது ஒன்றுதான்.

பொங்கலன்று கலியம்மாள் வந்தாள். போன வருஷத்துக் காயைவிடப் பெரிய காய், தலையில். வீடு வீடாக நின்றாள். "எந்தம்பி வூட்டுல..." என்று ஆரம்பித்தாள். ஒவ்வொரு வாசலிலும், "அமிர்தம் தோட்டத்துக் காயை நீங்க இன்னும் பாக்கலியா?" என்று பதில் வந்தது. மூன்றாவது வீட்டில் காயைத் தலையிலிருந்து இறக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். எங்கள் வாசலைத் தாண்டும்போது முந்தானையால் மூடிக்கொண்டாள்.

பரங்கிக்காயில் முதல் வெட்டை ஆண்பிள்ளைதான் போட வேண்டும் என்று சம்பிரதாயம். துரைராஜ் கொல்லைப்படியில் அரிவாள்மணை முன்னால் உட்கார்ந்தான். "குறுக்கே வெட்டுப்பா, நீளவாட்டிலே வெட்டாதே!" என்று வேலிக்கு அந்தப் பக்கம் நாலடி தள்ளியிருந்து குரல் வந்தது. துரைராஜ் வாழ்க்கையில் முதல் தடவையாக 'சரிங்க சார்' சொல்லாமல் நீளவாட்டில் வெட்டினான். உள்ளே நல்ல மஞ்சள். இளங்காய்தான், ஆனால் சதைப்பற்று.

குழம்பு இலையில் விழுந்தது. அமிர்தம் கரண்டியோடு நின்றாள். கலியம்மாள் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டாள். மென்றாள். இன்னொரு துண்டு. அதையும் மென்றாள். நான் விருந்தாளியாக அடுத்த இலையில் உட்கார்ந்திருந்தேன்.

"இன்னும் ரெண்டு துண்டு போடு" என்றாள் கலியம்மாள்.

அமிர்தம் போட்டாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை; அந்தப் பெண் பட்ட பாட்டைப் பார்த்தவனுக்கல்லவா தெரியும்!

ஆனால் நாத்தனார் நாத்தனார்தான். "காயி இனிப்புதான். தண்ணிய ஒரு வாரம் முந்தியே நிறுத்தியிருந்தா இன்னும் இனிச்சிருக்கும்" என்றாள். சாப்பாடு முடிந்ததும் மக்காச்சோளக் கதிர் ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். மட்டையை உரித்தாள். பல் விழுந்த வாய் மாதிரி இங்கொன்றும் அங்கொன்றுமாக மணி. "கர்மம்! சோளத்த எவனாவது ஒத்த வரிசையில நடுவானா?" என்று காபி டம்ளரோடு எழுந்து வேலிப் பக்கம் போனாள். அவளை நாங்கள் தடுத்திருக்க வேண்டும்.

வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு டம்ளர் இருந்தது.

"சொன்னா வருத்தப்படக் கூடாது" என்றார் வைத்திலிங்கம்.

"சொன்னா கோச்சிக்கக் கூடாது" என்றாள் கலியம்மாள்.

அப்புறம் அந்த இரண்டு பேரையும் யாராலும் பிரிக்க முடியவில்லை. அவர் லைன் என்றார், அவள் கூட்டம் என்றாள். அவர் தஞ்சாவூர் என்றார், அவள் கெடிலம் ஆற்றங்கரை என்றாள். பொழுது சாய்கிற வரைக்கும், ஒரு செடிகூட நடாமல், அந்தக் கொல்லையில் மூன்று போகம் விளைத்து அறுத்துவிட்டார்கள். அமிர்தம் கொல்லைப்படியில் வந்து நின்று பார்த்தாள். வேலிக்கு அந்தப் பக்கம் இடுப்பில் கை, கையில் டம்ளர். இந்தப் பக்கம் இடுப்பில் கை, கையில் டம்ளர். நடுவில் பொம்மை.

"ஏங்க" என்று துரைராஜைக் கூப்பிட்டாள். "அடுத்த வருசம் பொம்மைக்குப் பொடவையும் ஒண்ணு கட்டிடலாம்."

மறுநாள் கலியம்மாள் ஊருக்குப் புறப்பட்டபோது, கொண்டுவந்த காயைத் திருப்பி எடுத்துக்கொண்டதோடு, அமிர்தம் தோட்டத்துக் காய் ஒன்றையும் பையில் சுமந்துகொண்டு போனாள். எந்த வீட்டு வாசலிலும் நிற்கவில்லை. 

கதை இவ்வளவுதான். உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். துரைராஜ் சோளத்தை வேலியோரம் வரிசையாக நட்டான் என்று படித்த இடத்தில், 'அடடா, கட்டம் கட்டமாக அல்லவா நடவேண்டும்' என்று உங்களுக்குத் தோன்றியதா? பிஞ்சு உதிர்ந்த இடத்தில், 'ஒரு ஆண் பூவைப் பறித்துத் தடவியிருந்தால் தீர்ந்ததே' என்று முணுமுணுத்தீர்களா? தப்பே இல்லை, நீங்கள் விஷயம் தெரிந்தவர். ஆனால் என்றைக்காவது பக்கத்து வீட்டுத் தோட்டத்தில் புதிதாக ஒரு பொம்மை நிற்கக் கண்டால், அதன் தொப்பையைப் பற்றி அவசரப்பட்டு அபிப்பிராயம் சொல்லிவிடாதீர்கள். கையில் இருக்கிற டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, உங்கள் தோளில் கிடக்கிற துண்டில் என்ன கோடு போட்டிருக்கிறது என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

நமக்கென்ன, உங்கள் துண்டு, உங்கள் இஷ்டம்.